கனமான கேரவனுக்கு எந்த ஹிட்ச்? முதலில் முன்பாரத்தை எடை போடுங்கள்

"3,500 கிலோ இழுக்கும்" என்று வண்டியின் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பின்னால் இழுத்துப் போகும் வீடான கேரவன் 2,500 கிலோதானே, இன்னும் ஆயிரம் கிலோ மிச்சம் இருக்கிறதே என்று கணக்குப் போட்டு, கிடைத்த ஹிட்சை, அதாவது இரண்டையும் இணைக்கும் கருவியை, மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். இழுக்கிற வேலையை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். எந்த ஹிட்ச் என்பதைத் தீர்மானிப்பது வேறொரு எண்: கேரவனின் முன்பாரம். அதாவது, கேரவனின் மூக்கு உங்கள் வண்டியின் பின்புறத்தைக் கீழ்நோக்கி அழுத்துகிற எடை.

வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கேரவனின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்பாரமாக வைத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில் 5 முதல் 7 சதவீதம்தான். அங்கே பல கார்களின் டோ பார் (பின்னால் பொருத்தும் இழுவைச் சட்டம்) தாங்கக்கூடிய செங்குத்து எடையே 75 முதல் 150 கிலோவுக்குள் நின்றுவிடும். பார வண்டி ஓட்டியவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும். கேரவனில் பின்பாரம் அதைவிட ஆபத்து. நெடுஞ்சாலை வேகத்தில் அது வாலாட்ட, அதாவது இடமும் வலமுமாக ஆட, ஆரம்பித்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.8 மீட்டர். கேரவனை மாட்டும் உருண்டையான டோ பால், பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. முன்பாரம் 250 கிலோ. பின் அச்சின் மேல் கூடுவது 250 கிலோ என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் கூடுவது 357 கிலோ. பின் அச்சைத் தாங்குபுள்ளியாக வைத்து நெம்புகோல் போல வேலை செய்வதால், முன் அச்சிலிருந்து 107 கிலோ பிடுங்கப்பட்டுப் பின்னால் வந்து சேர்ந்துவிடுகிறது. வண்டியின் பின்புறம் தொங்குவது வெளியே தெரியும். முன் சக்கரங்களின் பிடி குறைந்தது கண்ணுக்குத் தெரியாது. ஸ்டீயரிங் லேசாகிவிடும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், பிரேக் பிடிக்கும்போது அதிக வேலை செய்ய வேண்டிய முன் சக்கரங்கள்தான் எடை குறைந்து நிற்கும். கனமான கேரவனுக்கு ஹிட்ச் தேடுவது என்பது பெரும்பாலும் இந்த 107 கிலோவை என்ன செய்வது என்ற கேள்விதான்.

முன்பாரத்தை வீட்டிலேயே அளக்கலாம். அதற்கென்றே விற்கும் சிறு தராசு இருந்தால் சரி, இல்லாவிட்டால் குளியலறைத் தராசும் ஒரு கனமான மரச்சட்டமும் போதும். சட்டத்தின் ஒரு முனையைச் செங்கல் மேலும் மறுமுனையைத் தராசின் மேலும் வையுங்கள். இரண்டு தாங்குமுனைகளுக்கும் இடையே சரியாக 90 சென்டிமீட்டர் இருக்கட்டும். கேரவனின் மூக்கை, செங்கல் பக்கத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளிச் சட்டத்தின் மேல் இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் முன்பாரம். (சட்டத்தின் எடையால் தராசு முதலிலேயே காட்டுவதைக் கழித்துவிடுங்கள்.) கேரவன் மட்டமாக நிற்க வேண்டும், பயணத்துக்கு ஏற்றும் எல்லாச் சாமானும் உள்ளே இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியை மறக்கக் கூடாது: 100 லிட்டர் என்றால் 100 கிலோ. தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தால் நிரப்ப நிரப்ப முன்பாரம் கூடும், பின்னால் இருந்தால் குறையும். காலியாக நிறுத்தி அளந்துவிட்டு, தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. தயாரிப்பாளர் கையேட்டில் போட்டிருக்கும் முன்பாரமும் பெரும்பாலும் காலிக் கேரவனுக்கு உரியது.

எண் கையில் வந்துவிட்டது. இனி ஹிட்சுகளைப் பார்ப்போம்.

சாதாரண பால் மவுண்ட்

ரிசீவருக்குள் (வண்டியின் அடியில் பின்புறம் பொருத்தும் குழாய்) ஒரு சட்டம், அதன் நுனியில் ஒரு டோ பால், அவ்வளவுதான். மலிவு, லேசு, கழற்றி மாட்ட ஒரு நிமிடம். முன்பாரம் குறைவாக இருக்கும்வரை இதற்கு மேல் எதுவும் தேவையில்லை; வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினாலும் வேண்டாம். ஆனால் எல்லையைப் பார்க்க வேண்டும். ரிசீவரின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பல சமயம் இரண்டு வரிகள் இருக்கும்: எடையைச் சும்மா சுமக்கும்போது இவ்வளவு, எடையைப் பகிரும்போது இவ்வளவு. உதாரணத்துக்கு, சுமக்கும்போது 5,000 பவுண்டு கேரவனும் 500 பவுண்டு முன்பாரமும் என்று போட்டிருக்கும். அதே ரிசீவர், பகிரும்போது இரண்டிலும் இரட்டிப்பு தாங்கும் என்று அடுத்த வரி சொல்லும். 500 பவுண்டு என்பது 227 கிலோ. நம் உதாரணத்தின் 250 கிலோ முதல் வரியைத் தாண்டிவிட்டது. அப்படியானால் சாதாரண பால் மவுண்ட் என்ற பேச்சு அந்த வண்டிக்கு முடிந்துபோனது.

எடைபகிர் ஹிட்ச்

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்ற பெயரில் விற்பது இதுதான். டோ பால் பொருத்திய தலையிலிருந்து இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் பின்னோக்கி வந்து, கேரவனின் ஏ-ஃப்ரேமில் (மூக்கில் இருக்கும் முக்கோணச் சட்டம்) சங்கிலியாலோ பிராக்கெட்டாலோ இழுத்துக் கட்டப்படும். வளைந்து நிற்கும் கம்பிகள், தொய்ந்த இணைப்பை நிமிர்த்தப் பார்க்கும். அதனால் முன் அச்சுக்கு எடை திரும்புகிறது, கேரவனின் அச்சுக்கும் கொஞ்சம் போகிறது.

முன்பு பார்த்த வண்டியிலேயே இதை மாட்டிப் பார்ப்போம். டோ பாலிலிருந்து கேரவன் அச்சு 5 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பிகளை முறுக்கி, முன் அச்சு இழந்ததில் பாதியைத் திருப்பினால், பின் அச்சின் கூடுதல் சுமை 357-லிருந்து சுமார் 280 கிலோவாக இறங்கும். கேரவன் அச்சு 24 கிலோ வாங்கிக்கொள்ளும். முழுவதையும் திருப்பினால் பின் அச்சில் சுமார் 202 கிலோ, கேரவன் அச்சில் 48 கிலோ, முன் அச்சு பழையபடி.

முழுவதையும் திருப்பிவிடுவதுதானே நல்லது என்று தோன்றும். முன்பெல்லாம் அப்படித்தான் சொன்னார்கள், இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கம்பியை அளவுக்கு மீறி முறுக்கினால் பின் சக்கரங்களின் பிடி குறைந்து, வளைவில் வண்டியின் பின்பக்கம் வெளியே தள்ளப்படும். பல தயாரிப்பாளர்கள் இப்போது பாதி போதும் என்கிறார்கள், சிலர் முழுவதும் வேண்டும் என்கிறார்கள், சிலர் வேறு சதவீதம் சொல்கிறார்கள். இதில் நண்பர் சொன்னார், கடைக்காரர் சொன்னார் என்பதற்கெல்லாம் இடமில்லை. உங்கள் வண்டிக் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான்.

கையேட்டில் "எடைபகிர் ஹிட்ச் கூடாது" என்று இருந்தால்? சில வண்டிகளில், குறிப்பாக ஏர் சஸ்பென்ஷன் உள்ள சில மாடல்களில், அப்படி இருக்கும். ரிசீவரும் அது பொருந்தியிருக்கும் சேஸிஸ் பகுதியும் கம்பியின் முறுக்கைத் தாங்க வடிவமைக்கப்படவில்லை என்று அர்த்தம். என்னைக் கேட்டால், அந்த வண்டிக்கு அந்தக் கேரவன் பொருந்தாது என்றே எடுத்துக்கொள்வேன். ஒன்று கேரவன் லேசாக வேண்டும், அல்லது வண்டி மாற வேண்டும். மூன்றாவது வழி என்று பட்டறையில் சொல்வதெல்லாம் உங்கள் பணத்தில் அவர்கள் செய்யும் பரிசோதனை.

அந்த மூன்றாவது வழிகளில் அடிக்கடி வருவது பின் சஸ்பென்ஷனுக்கு ஏர் பேக். காற்றடித்தால் தொங்கிய பின்புறம் அழகாக நிமிர்ந்துவிடும், பார்க்கத் திருப்தியாகவும் இருக்கும். ஆனால் முன் அச்சு இழந்த 107 கிலோ ஒரு கிலோகூடத் திரும்பாது. பின் அச்சில் அதே 357 கிலோதான். ஏர் பேக் உயரத்தைச் சரிசெய்யும், எடையைப் பகிராது. எடைபகிர் ஹிட்சோடு சேர்த்து அளவாகப் பயன்படுத்தலாம், அதற்குப் பதிலாக முடியாது.

வாலாட்டத்தைத் தடுப்பதில் எடைபகிர் ஹிட்சுக்குள்ளேயே பல ரகம். மிக மலிவானது, பக்கவாட்டில் தனியாக மாட்டும் உராய்வுக் கம்பி. வேலை செய்யும், ஆனால் வண்டியை ஒடித்துத் திருப்பிப் பின்னால் எடுப்பதற்கு முன் இறங்கிப்போய்க் கழற்ற வேண்டும். மழையிலும் வழுக்கும் சாலையிலும் தளர்த்திவிடச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. மழையில்தானே நமக்கு அது வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறதா? எனக்கும்தான். இரண்டாவது, ஸ்பிரிங் கம்பிகளே பிராக்கெட்டில் உராய்ந்து வாலாட்டத்தை அடக்கும் வகை. ஈக்குவலைசர் இதற்கு நன்கு தெரிந்த பெயர். எதையும் கழற்றாமல் பின்னால் எடுக்கலாம், பராமரிப்பும் குறைவு. திரும்பும்போது கிறீச்சிடும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கம்பியின் நுனி ஒரு கேம் பள்ளத்தில் உட்கார்ந்து, நேராக ஓடும்போது பிடித்துக்கொண்டு, வளையும்போது விட்டுக்கொடுக்கும் வகையும் இருக்கிறது. சரியாக அமைத்தால் அருமை, கொஞ்சம் தவறினால் ஒன்றுக்கும் ஆகாது.

இவை மூன்றும் வாலாட்டத்தை எதிர்ப்பவை. ஹென்ஸ்லி, ப்ரோப்ரைட் போன்றவை வேறு சாதி. இணைப்புத் தண்டுகளின் கோணத்தால், கேரவன் திரும்பும் புள்ளியை, இருக்கும் இடத்திலிருந்து முன்னே தள்ளி வண்டியின் பின் அச்சுக்கு அருகே கொண்டுபோய் வைத்தது போல ஆக்கிவிடுகின்றன. கேரவன் வண்டியின் வாலைப் பிடித்து ஆட்டும் நெம்புகோலே சுருங்கிவிடுகிறது. காசு பல மடங்கு, ஹிட்சின் கனமும் அதிகம், மாட்டும்போது வண்டியையும் கேரவனையும் நேர்கோட்டில் கொண்டுவந்து நிறுத்தியாக வேண்டும். நீளமான கேரவனை வருடம் முழுக்க இழுக்கிறவர்களுக்குத்தான் இந்தச் செலவு நியாயம். அவ்வப்போது போகிறவர்களுக்கு உராய்வு பிராக்கெட் வகையே போதும்; நான் பரிந்துரைப்பதும் அதைத்தான்.

எதை வாங்கினாலும் ஸ்பிரிங் கம்பியின் தாங்குதிறனை முன்பாரத்துக்கு ஏற்ப எடுங்கள். 250 கிலோ முன்பாரத்துக்கு 600 கிலோ கம்பி வாங்கினால் பலம் கூடும் என்ற நினைப்பு தவறு. அது வளைந்தே கொடுக்காது, ஒவ்வொரு மேடு பள்ளத்தின் அடியும் நேராக ஏ-ஃப்ரேமுக்கும் ரிசீவருக்கும் போகும். வண்டிக்குள் பின் அச்சைத் தாண்டி ஏற்றும் சாமானையும் முன்பாரத்தோடு சேர்த்துக் கணக்கிடச் சொல்வார்கள். அதைக் கேட்பது நல்லது.

உராய்வு கப்ளர்

ஐரோப்பியக் கேரவன்களில் ஸ்பிரிங் கம்பி அநேகமாகக் காணக் கிடைக்காது. முன்பாரம் குறைவு, பிரேக்கும் ஓவர்ரன் வகை: வண்டி வேகம் குறையும்போது கேரவன் முன்னால் தள்ள, டோ பாலைக் கவ்வும் கப்ளர் உள்ளே நழுவி, அந்தத் தள்ளலே பிரேக்கை இயக்கும். இப்படி நழுவ வேண்டிய இடத்தைக் கம்பி போட்டு இழுத்துக் கட்டினால் பிரேக்குக்கே சிக்கல் வரலாம். அதனால் அங்கே ஆல்-கோ நிறுவனத்தின் ஏ.கே.எஸ். 3004, வின்டர்ஹாஃபின் டபிள்யூ.எஸ். 3000 போன்ற கப்ளர்கள் புழக்கத்தில் உள்ளன. இரண்டும் 3,000 கிலோ வரை. உள்ளே இருக்கும் உராய்வுப் பட்டைகள் டோ பாலை இறுகக் கவ்வி, வாலாட்டத்தை அடக்கும். எடையைப் பகிராது, அதற்கென்று வந்ததும் அல்ல.

இவற்றில் ஒரு நுணுக்கம். டோ பாலில் கிரீஸ் இருக்கவே கூடாது, புதுப் பாலின் மேல் இருக்கும் பெயின்ட்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். கிரீஸ் பட்ட பட்டை உராய்வை இழந்துவிடும். சாதாரணக் கப்ளருக்குப் பூசிய பழக்கத்தில் இதற்கும் பூசிவிடுகிறவர்கள் உண்டு. ஏ.கே.எஸ். வகைக்குக் கழுத்து நீண்ட டோ பால் வேண்டும் என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பும்போது கப்ளர் டோ பாரில் இடிக்கும்.

வாலாட்டத்தை உணர்ந்து கேரவனின் பிரேக்கைத் தானே தட்டும் மின்னணுக் கருவிகள் தனி. வண்டியின் நிலைப்புக் கட்டுப்பாட்டு அமைப்பிலும் இப்போது பலவற்றில் இந்த வசதி வருகிறது. இருந்தால் நல்லது. ஆனால் அவை ஆட்டம் தொடங்கிய பிறகுதான் வேலைக்கு வரும்.

கரடுமுரடுப் பாதைக் கப்ளர்கள்

ஆஸ்திரேலியாவில் மண்பாதை, ஆற்றுப்படுகை என்று கேரவனை இழுத்துப் போகிறவர்கள் டோ பாலையே கைவிட்டுவிடுகிறார்கள். குரூஸ்மாஸ்டரின் டி.ஓ.35 அங்கே பரவலாகத் தெரிந்த பெயர், 3.5 டன் வரை. வண்டி ஒரு பக்கம் சாய, கேரவன் மறுபக்கம் சாய, இணைப்பு எந்தக் கோணத்துக்கும் சுழன்று கொடுக்கும். தார்ச்சாலையை விட்டு இறங்காத கேரவனுக்கு இதனால் பெரிய லாபமில்லை. எடையையும் பகிர வேண்டுமென்றால், அந்தக் கப்ளருக்கென்றே செய்த அமைப்பு உண்டா என்று தயாரிப்பாளரிடம் கேட்டாக வேண்டும். எடைபகிர் ஹிட்ச் போட்டுக்கொண்டு ஆழமான ஓடையில் இறங்குவதாக இருந்தால் முதலில் கம்பிகளைக் கழற்றுங்கள். வண்டி மேலே ஏற, கேரவன் இன்னும் கீழே இறங்க, இணைப்பு மடங்கும்போது கம்பியில் ஏறும் விசை ரிசீவரையே வளைத்துவிடும்.

ஃபிஃப்த் வீல்

பிக்கப் இருந்தால் மட்டும் இதைப் படியுங்கள். கேரவனின் முன்பகுதியிலிருந்து கீழே நீட்டும் முளையான கிங் பின், பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் வந்து உட்காரும். நெம்புகோல் கணக்கே இல்லை, முன் அச்சு எதையும் இழப்பதில்லை. வாலாட்டமும் மிகக் குறைவு. ஹென்ஸ்லி வகை ஹிட்சுகள் தண்டுகளால் சாதிக்கப் பார்ப்பதை இது இருக்கும் இடத்தாலேயே சாதித்துவிடுகிறது. ஆனால் முன்பாரம் 15 முதல் 25 சதவீதம். 4,000 கிலோ கேரவனில் 20 சதவீதம் என்றாலே 800 கிலோ பிக்கப்பின் மேல். ஆட்கள், சாமான், ஹிட்சின் எடை எல்லாம் சேர்ந்து, அனுமதித்த சுமையில் அடங்குகிறதா என்று பார்த்தால் பல பிக்கப்புகள் இங்கேயே தோற்றுவிடும். தொட்டி குட்டையாக இருந்தால் கூர்மையாகத் திரும்பும்போது கேரவனின் மூலை கேபினின் பின் கண்ணாடியில் இடிக்கும். அதற்குப் பின்னோக்கி நகரும் ஸ்லைடர் ஹிட்ச் வேண்டும்.

பிக்கப் தொட்டிக்குள் பால் வைத்து மாட்டும் கூஸ்நெக் சரக்கு டிரெய்லர்களுக்கானது. ஃபிஃப்த் வீல் கேரவனை அடாப்டர் போட்டு அதில் மாட்டினால் கிங் பின் பகுதியில் நெம்பு விசை கூடும், சில சேஸிஸ் தயாரிப்பாளர்கள் உத்தரவாதத்தையும் ரத்து செய்துவிடுவார்கள். வளையத்தைக் கொக்கியில் மாட்டும் பின்டில் கொக்கி கேரவனுக்கு வேண்டவே வேண்டாம், வழியெல்லாம் தடதடவென்று இடிக்கும்.

எண்களில் சிறியதே எல்லை

ரிசீவர், பால் மவுண்ட், டோ பால், கப்ளர், வண்டி, பின் அச்சு, டயர்: ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு, அவற்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் எல்லை. 5 டன் தாங்கும் ஹிட்சை வாங்கி மாட்டியதால் வண்டியின் திறன் ஒரு கிலோவும் கூடாது. ரிசீவருக்கு நீட்டிப்புக் குழாய் போட்டால் டோ பால் இன்னும் பின்னால் போய் நெம்புகோல் நீளும், ரிசீவரின் எல்லை வெகுவாகக் குறையும். கனமான கேரவனுக்கு அதைத் தொடாதீர்கள்.

ஐரோப்பிய டோ பார்களின் தகட்டில் எஸ், டி என்று இரண்டு மதிப்புகள் இருக்கும். எஸ் என்பது அனுமதித்த முன்பாரம். டி என்பது இழுவை விசை, கிலோநியூட்டனில். வண்டியின் மொத்த எடையையும் கேரவனின் மொத்த எடையையும் டன்னில் எடுத்து, இரண்டையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81-ஆல் பெருக்குங்கள். 2.8 டன் வண்டியும் 2.5 டன் கேரவனும் என்றால் சுமார் 13. தகட்டில் 13-க்குக் குறைவாக இருந்தால் அந்த டோ பார் ஆகாது.

டோ பால் அளவில் கண்ணால் மதிப்பிடுவது கூடாது. 50 மி.மீ. பால், 2 அங்குலப் பால், இரண்டும் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ. 2 அங்குலக் கப்ளரை 50 மி.மீ. பாலில் மாட்டினால் மாட்டிக்கொள்ளும், ஆனால் லொடலொடக்கும். பாலின் தலையில் அளவு பொறித்திருக்கும், கப்ளரிலும் இருக்கும். படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பொருத்துவது

ரிசீவரை நீங்களே பொருத்தலாம், ஆனால் உங்கள் மாடலுக்கென்றே செய்த ரிசீவராக இருக்கட்டும். சேஸிஸில் தயாரிப்பிலேயே விட்ட துளைகளில் அது உட்கார வேண்டும். கையேடு சொல்லாத இடத்தில் துளை போடக் கூடாது. ரிசீவரும் சேஸிஸும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் துருத்தடுப்பு மெழுகோ தார்ப் பூச்சோ இருந்தால் சுரண்டி எடுங்கள். அந்த மெத்தென்ற படலத்தின் மேல் போல்ட்டை முறுக்கினால், நாளடைவில் படலம் பிதுங்கி, போல்ட் தானாகத் தளர்ந்துவிடும். துருப்பிடித்த வெல்டு நட்டுகளை முதலிலேயே எண்ணெய் விட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மரையைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். மூடிய சேஸிஸ் குழாய்க்குள் போல்ட்டைக் கொண்டுபோக, கிட்டோடு வரும் சுருள் கம்பியைத் துளை வழியே விட்டு, பெரிய ஓட்டை வழியாக வெளியே எடுத்து, அதன் நுனியில் போல்ட்டைத் திருகி இழுக்க வேண்டும். தட்டு வாஷரை முதலில் கோத்துவிட மறந்தால் மறுபடி முதலிலிருந்து. எல்லா போல்ட்டையும் கையால் தொடங்கிவிட்டு, பிறகு டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள்.

டோ பாலின் நட்டுக்கும் அளவு உண்டு. 1 அங்குலத் தண்டுக்குப் பொதுவாகச் சொல்வது 250 அடி-பவுண்டு, கிட்டத்தட்ட 340 நியூட்டன் மீட்டர். ஒன்றேகால் அங்குலத்துக்கு 450, அதாவது சுமார் 610 நியூட்டன் மீட்டர். வீட்டில் இருக்கும் டார்க் ரெஞ்ச் அவ்வளவு தூரம் போகாது. இதற்கு மட்டும் லாரிப் பட்டறைக்குப் போவது புத்திசாலித்தனம்.

எடைபகிர் ஹிட்சை அமைக்கும்போதுதான் பொறுமை வேண்டும். மட்டமான தரை, பயணத்துக்குத் தயாரான சுமை. கேரவனை மாட்டாமல், முன் சக்கரத்தின் மையத்துக்கு நேர் மேலே, தரையிலிருந்து மட்கார்டு வளைவின் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். 860 மி.மீ. என்று வைப்போம். கம்பி போடாமல் கேரவனை மாட்டி அளந்தால் முன்புறம் தூக்கி 892 காட்டும். 32 மி.மீ. எழும்பியிருக்கிறது. கையேடு பாதி திருப்பச் சொன்னால் உங்கள் இலக்கு 876. கம்பி போட்டு அளங்கள். 884-இல் நின்றால் போதவில்லை: ஹிட்ச் தலையை இன்னும் பின்சாய்க்க வேண்டும், அல்லது சங்கிலியில் ஒரு கண்ணியோ பிராக்கெட்டில் ஒரு துளையோ ஏற்ற வேண்டும். 862-க்கு வந்துவிட்டால் அதிகம், இறக்குங்கள். கடைசியில் கேரவனின் தளம் மட்டமாகவோ, மூக்கு மிக லேசாகத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால் பால் மவுண்டின் உயரத்தை மாற்றிவிட்டு முதலிலிருந்து அளங்கள். முடிந்தால் எடைமேடையில் ஒருமுறை, ஒவ்வொரு அச்சையும் தனியாக எடை போடுங்கள். மட்கார்டு உயரம் ஒரு மதிப்பீடுதான்.

கம்பியை மாட்டும்போது நெம்பித் தள்ளிப் போராட வேண்டாம். கப்ளரைப் பூட்டிய பிறகு, கேரவனின் முன் ஜாக்கியால் மூக்கையும் வண்டியின் பின்புறத்தையும் சேர்த்தே மேலே தூக்குங்கள். கம்பிகள் தளர்ந்து எளிதாக இடத்தில் உட்காரும். கழற்றும்போதும் அதே முறைதான். தூக்காமல் பூட்டை விடுவித்தால் முறுக்கேறிய கம்பி விசிறி அடிக்கும், எலும்பு முறியும்.

பிரேக் மின்சார வகையாக இருந்தால் வண்டிக்குள் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். வண்டி எவ்வளவு வேகமாக நிற்கிறது என்பதை உணர்ந்து அதே விகிதத்தில் கேரவன் பிரேக்கைக் கொடுக்கும் வகையை வாங்குங்கள். நேரக் கணக்கில் இயங்கும் மலிவான வகை கனமான கேரவனுக்குப் போதாது. காலியான மட்டச் சாலையில் 40 கி.மீ. வேகத்தில் அந்தக் கருவியின் கைப்பிடியை மட்டும் அழுத்திப் பாருங்கள். கேரவன் சக்கரங்கள் பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன்பு வரை சக்தியை ஏற்றி, அங்கே நிறுத்துங்கள். பாதையில் வாலாட்டம் வந்தால் ஆக்ஸிலேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, இதே கைப்பிடியால் கேரவன் பிரேக்கை மட்டும் கொடுக்க வேண்டும். வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், ஆட்டத்துக்கு எதிராக ஸ்டீயரிங்கைத் திருப்புவதும் நிலைமையை மோசமாக்கும்.

பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கில் விழும். கேரவன் பிரிந்துபோனால் பிரேக்கை இழுத்துவிடும் மெல்லிய கேபிளைப் பால் மவுண்டில் மாட்டக் கூடாது, வண்டியின் சட்டத்தில் தனி வளையத்தில் மாட்டுங்கள். பால் மவுண்டைப் பூட்டும் முளை கழன்று, பால் மவுண்டே உருவிக்கொண்டு வந்தால், அதில் மாட்டிய கேபிளும் கூடவே வந்துவிடும், பிரேக் பிடிக்காது.

முதல் பயணத்தில் நூறு கிலோமீட்டர் போவதற்குள் ஓர் இடத்தில் நிறுத்தி எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். டோ பார் தயாரிப்பாளர்கள் சிலர் 1,000 கி.மீ.யில் மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். 50 மி.மீ. டோ பால் தேய்ந்து எங்காவது 49 மி.மீ. ஆகிவிட்டால் அது மாற்ற வேண்டிய பால். வெர்னியர் காலிப்பரைப் பல திசைகளில் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் தேய்மானம் முன்னும் பின்னும்தான் அதிகம் விழும், பக்கவாட்டில் அளந்தால் புதுசு போலவே காட்டும்.